யூனில் நடும் மரமும் பின்வளவில் எரியும் குப்பையும்: வன்னிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய அதிபர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னி முழுக்கப் பரந்து கிடக்கும் எங்கள் பள்ளிக்கூடங்களை மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஏ-9 வீதியோரம் மாடிக் கட்டடங்களோடு நிற்கும் பெரிய பாடசாலையும் இதில் அடக்கம். குளக்கட்டுக்குக் கீழே ஐந்தாம் ஆண்டு வரைக்கும் மட்டும் நடக்கிற சின்னப் பள்ளிக்கூடமும் அடக்கம். நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் ஒரு தாய். பெற்றோர் கூட்டங்களுக்கு வருகிற, பின்வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்கிற ஆள்.

வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதியிருக்கலாம், சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுதியிருக்கலாம். அவர்கள் சுற்றறிக்கை அனுப்புவார்கள், அது அறிவித்தல் பலகையில் தொங்கும். சிற்றுண்டிச்சாலையை யாரிடம் ஒப்படைப்பது, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு என்ன வாங்குவது, சிரமதானத்தில் கூட்டிய குப்பையை எங்கே கொட்டுவது, வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் அனுப்பும் காசை எதற்குச் செலவழிப்பது என்றெல்லாம் தீர்மானிப்பது நீங்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். ஒரே ஒரு விசயத்தைத்தான் கேட்கப் போகிறேன். சுற்றாடலை விழா நாளிலிருந்து எடுத்து, பள்ளிக்கூடத்தின் அன்றாட வேலைக்குள்ளும் வரவு செலவுக்குள்ளும் வையுங்கள்.

முதலில் யூன் 5 பற்றிக் கதைக்க வேண்டும்.

1972இல் ஸ்ரொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் நடத்திய மாநாட்டை நினைவுகூர்ந்து அந்த நாள் உலக சுற்றாடல் தினமானது. 1973 முதல் கொண்டாடுகிறார்கள். உலகத்துக்குப் பொதுவாக வைத்த திகதி அது, எங்கள் மண்ணைப் பார்த்து வைத்தது கிடையாது. யூன் மாதத்தில் வன்னி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரையில் பெய்த சிறுமழையின் ஈரம் காய்ந்து, சோளகம் எழும்பி, புழுதி வகுப்புக்குள் வந்து மேசையில் படிகிற காலம். அடுத்த நல்ல மழைக்கு ஐப்பசி வரவேண்டும். இடையில் ஓகஸ்ட் விடுமுறை வேறு. அந்த நேரத்தில் பொலித்தீன் பைக்குள் வளர்ந்த ஒரு முழக் கன்றை, பாறை போல் இறுகிய தரையில் சிறு குழி தோண்டி வைக்கிறோம். பிரதம விருந்தினர் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறார், படம் எடுக்கிறோம். கிழித்த பொலித்தீன் பை அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வரும்போது கன்று பட்டுப்போயிருக்கும். நட்டவரின் பெயரும் திகதியும் எழுதிய தகரப்பலகை மட்டும் நிற்கும். அடுத்த யூனில் அதே இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குழி.

இது யாருடைய கெட்ட மனதாலும் நடப்பதில்லை. நாட்காட்டியைப் பார்த்து நடுகிறோம், வானத்தைப் பார்ப்பதில்லை. காலபோகத்துக்கு எப்போது விதைப்பது என்று தெரியாத வீடு எங்கள் ஊர்களில் இல்லை. மரத்துக்கும் அதே கணக்குத்தான். ஐப்பசி நடுப்பகுதியில் இரண்டு மூன்று மழை விழுந்து மண் இளகிய பிறகு நட்டால், மார்கழி வரைக்கும் தண்ணீர் ஊற்றும் வேலை பெரும்பாலும் மழையினுடையது. தை பிறக்கும்போது வேர் இறங்கிவிடும். வடக்கு மாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததும் இந்தக் கணக்கில்தான். அந்த நல்ல வழக்கத்தைப் பாடசாலைகளாவது கைவிடாமல் பிடித்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் யூன் 5இல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அன்று போன மாரியில் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று பிள்ளைகளே எண்ணட்டும். அந்த எண்ணிக்கையைக் காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்க வாசியுங்கள். நட்டது எத்தனை, நிற்பது எத்தனை என்று இரண்டையும் சேர்த்து. பிறகு நிற்கிற கன்றுகளின் அடியில் சருகு பரப்பித் தண்ணீர் ஊற்றினால் போதும். பிரதம விருந்தினரையும் கூப்பிடுங்கள், அவரும் ஒரு வாளி தூக்கட்டும்.

எந்த மரம் நடுவது என்பதிலும் ஒரு சொல். கிடைக்கிற கன்றை வாங்கி நடுகிறோம், அது பெரும்பாலும் பூமரமாகவோ மகோகனியாகவோ இருக்கிறது. எங்கள் காடு எத்தனை மரத்தை வைத்திருக்கிறது! கிணற்றடிக்கும் தண்ணீர் வழிகிற பக்கத்துக்கும் மருது. மைதான ஓரத்துக்கு வேம்பும் புளியும் இலுப்பையும். பிள்ளைகள் பறித்துத் தின்ன நாவல், விளாத்தி, கூழா. பாலையும் வீரையும் வளர நாள் எடுக்கும், அதற்காக நடாமல் விடக்கூடாது. ஏ-9 ஓரத்தில் பாலைப்பழம் விற்கிற காலத்தில் உதடு ஒட்ட ஒட்டத் தின்கிற பிள்ளைக்கு, அந்த மரம் எப்படி முளைக்கிறது என்று காட்ட ஒரு பாலைமரம் பள்ளிக்கூட வளவில் நிற்பது விஞ்ஞான பாடத்துக்கும் உதவும். கன்று வாங்கக் காசு இல்லாவிட்டால் விதை இருக்கிறது. புளியங்கொட்டையும் வேப்பம்விதையும் நாவல் விதையும் எந்த வீட்டிலும் சேர்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: வேம்பும் நாவலும் விதையை எடுத்துவைத்து மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. பழம் விழுகிற கையோடு விதைத்துவிட வேண்டும். அந்தக் கன்றுகள் மாரிக்கு நடத் தயாராகிவிடும்.

மரத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்காகத் தறித்த பனைகளுக்கும் செல்லடியில் முறிந்த மரங்களுக்கும் கணக்கே இல்லை. 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து மீளக்குடியேறி வந்தபோது கூரை இல்லாத பள்ளிக்கூடங்களில் தறப்பாளின் கீழும், தப்பி நின்ற மரங்களின் கீழும் வகுப்பு நடந்தது. தறப்பாளுக்குள் இருந்த பிள்ளைக்கும் வேப்பமரத்தின் கீழ் இருந்த பிள்ளைக்கும் வெக்கையில் இருந்த வித்தியாசம் அந்த ஆசிரியர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் இன்று அதிபர்களாக இருக்கிறார்கள். இந்த மடலை வாசிக்கிறவர்களிலும் இருப்பார்கள்.

நட்டதைக் காப்பது பெரிய வேலை. எங்கள் கன்றுகளுக்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது கட்டாக்காலி மாடு. முள்ளுக்கம்பி வேலிக்குக் காசு வரும் வரை காத்திருக்காமல், அதே ஐப்பசியில் பூவரசங் கதியாலும் கிளிசரியாக் கதியாலும் ஊன்றலாம். ஊரில் யார் வீட்டு வேலியில் கேட்டாலும் வெட்டித் தருவார்கள். அடுத்த மாரிக்குள் அது உயிர்வேலியாகிவிடும், கிளிசரியாத் தழை பசளைக்கும் ஆகும். கன்றைச் சுற்றி அலம்பல் கட்டினால் மாடு வாய் வைக்காது. கோடைக்குத் தண்ணீர் மிச்சம் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. மெருகு பூசாத மண்பானையைக் கழுத்தளவுக்குக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை மூடிவிட வேண்டும். பானை மெல்ல மெல்லக் கசிந்து வேருக்குக் கொடுக்கும், வாளியால் ஊற்றினால் வெயில் குடித்துவிடும் தண்ணீர் வீணாகாது. ஓகஸ்ட் விடுமுறையில் யார் அந்தப் பானையை நிரப்புவது என்பதைச் சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லி முடிவெடுங்கள். பாடசாலைக்கு அடுத்த வளவில் இருக்கிற குடும்பம் ஒன்றுக்குச் சிறிய கொடுப்பனவு கொடுத்து ஒப்படைக்கலாம். "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கூட்டறிக்கையில் எழுதினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

அடுத்தது பின்வளவு.

வன்னியில் அநேகமான பாடசாலைகளின் பின்பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. காலையில் பிள்ளைகள் வளவு கூட்டுகிறார்கள். சருகு, கடதாசி, ரொபித் தாள், லஞ்ச் சீற், ஜூஸ் பக்கற், தீர்ந்த பேனை, உடைந்த வாளிப் பிடி எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் போய் அந்தக் குழியில் விழுகின்றன. பிறகு ஒரு நெருப்புக்குச்சி. சருகு முதலில் பிடிக்கும், பொலித்தீன் சுருண்டு உருகிக் கறுப்பாகச் சொட்டும். பாதி எரிந்து பாதி கட்டியாக மிஞ்சும். புகை எழும்பிக் காற்று வளத்துக்குப் போகும். சோளகம் வீசுகிற காலத்தில் தென்மேற்கு மூலையில் எரித்தால், அதற்கு நேரே எந்தக் கட்டடம் இருக்கிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். சிறுவர் வகுப்பு அந்தப் பக்கமாக இருந்தால், ஆறு வயதுப் பிள்ளைகள் முதலாம் பாடவேளையில் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள்.

பொலித்தீனும் பிளாஸ்ரிக்கும் இப்படித் தாழ்ந்த சூட்டில் எரியும்போது டயொக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. அவை புகையோடு போய் முடிவதில்லை. சாம்பலில் தங்கி மண்ணுக்குப் போகின்றன, அங்கிருந்து கிணற்றுப் பக்கமும் போகலாம். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்கு 2017 செப்டெம்பரிலேயே வர்த்தமானி மூலம் தடை வந்துவிட்டது. பாடசாலைக்கு அதில் விதிவிலக்கு இல்லை.

சட்டத்தை விடுங்கள். எங்கள் மண்ணுக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது. மிதிவெடி அகற்றும் நிறுவனங்கள் எத்தனையோ ஆண்டுகளாக வேலை செய்தும், மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று வன்னியில் யாராலும் முழு நிச்சயமாகச் சொல்ல முடியாது. குப்பைக்குத் தீ வைத்தபோது புதையுண்டு கிடந்தது வெடித்தது என்ற செய்தி எங்களுக்குப் புதிதில்லை. துப்புரவு செய்து கையளித்த காணியில்கூட மழை மண்ணை அரித்துவிட்டால் ஏதாவது மேலே வரும். பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்க்கும் ஒரு தீயை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூட்டுவதற்கு இந்த மாவட்டங்களில் எந்த நியாயமும் கிடையாது. மரத்துக்கோ பசளைக்கோ குழி வெட்டும்போதும் இதே கவனம் வேண்டும். சந்தேகமான எதைக் கண்டாலும் தொடாமல், அந்த இடத்தை விட்டு விலகி, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதைப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாகக் கேட்கும்படி சொல்லிக்கொடுங்கள்.

குழி வெள்ளத்தில் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்தபோது மக்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். அப்படிப்பட்ட நாளில் குப்பைக்குழி நிரம்பினால் அதற்குள் கிடந்ததெல்லாம் மைதானத்தில் மிதக்கும், பிறகு வாய்க்கால் வழியாக ஊர்க்குளத்துக்குப் போகும். தண்ணீர் வற்றிய இடத்தில் ஒட்டிக்கிடக்கிற சோறு மணக்கிற பொலித்தீனை மாடு தின்னும். அந்த மாடு இந்தப் பிள்ளைகளின் வீட்டு மாடாகவே இருக்கும்.

சரி, எரிக்காமல் என்ன செய்வது? கூட்டும்போதே பிரியுங்கள். சருகும் உணவு மிச்சமும் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். அவ்வளவு போதும் முதல் வருடத்துக்கு. மூன்று நிறத் தொட்டிகளை வாங்கி வரிசையாக வைத்துவிட்டு, பிறகு மூன்றையும் ஒரே குழியில் கொட்டுகிற காட்சி வேண்டாம். சருகை மரங்களின் அடியில் பரப்பினால் மண் ஈரம் காக்கும். மிஞ்சியதை மாட்டெருவோடு அடுக்கி, ஈரம் விடாமல் வைத்து, இடைக்கிடை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கூட்டெரு. விவசாய பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைவிடச் செய்முறை வேறு என்ன வேண்டும்? போத்தலும் இரும்பும் கடதாசி மட்டையும் வாங்க ஊருக்குள் ஆட்கள் வருகிறார்கள். மிஞ்சுகிற பொலித்தீனைச் சுத்தமாக, காய்ந்ததாக, சாக்கில் கட்டி வைத்துப் பிரதேச சபையிடம் மாதம் ஒருதரமாவது வண்டி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உள்ளூர்ப் பாடசாலைகளுக்கு வண்டி வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு பாடசாலை தனியாகக் கேட்டால் வராது. ஒரு கோட்டத்துப் பாடசாலைகள் எல்லாம் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் வராமல் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளவு கூட்டுவது எல்லாப் பிள்ளைகளின் வேலை. பிந்தி வந்தவனுக்கும் வீட்டுவேலை செய்யாதவளுக்கும் தண்டனையாகக் குப்பை பொறுக்க விட்டால், குப்பை பொறுக்குவது இழிவு என்று அன்றே படித்துவிடுவார்கள். அப்படி ஒரு பாடசாலையில் நடந்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிக் குழு பல பாடசாலைகளில் இருக்கிறது, பதக்கத்துக்காகப் பிள்ளைகள் உண்மையாகவே பாடுபடுகிறார்கள். நல்லது. ஆனால் பதக்கம் எடுத்த பிள்ளைகள் சாதாரண தரம் எழுதிவிட்டுப் போனதும் வேலை நின்றுபோவதற்குக் காரணம், பெரியவர்களின் பக்கத்தில் பொறுப்பாக ஒருவரும் இல்லாததுதான்.

தாய்மார் சார்பில் ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். கூட்டங்களில் இதை யாரும் எடுப்பதில்லை. பெரிய பெண்பிள்ளைகளின் மலசலகூடத்தில் பாவித்த நப்கினைப் போட மூடியுள்ள ஒரு தொட்டி இருக்கிறதா? இல்லாவிட்டால் பிள்ளை அதைப் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், அல்லது குழிக்குள் போட்டுக் குழாய் அடைக்கிறது, அல்லது அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே வருவதில்லை. நப்கின் வாங்க அரசு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது நல்ல காரியம். பாவித்ததை எங்கே போடுவது என்பதற்கு வழி பாடசாலைதான் செய்ய வேண்டும். காலால் மிதித்துத் திறக்கிற தொட்டி, அதை நாளாந்தம் எடுக்கச் சம்பளத்துக்கு ஒரு பெண், எங்கே சேர்ப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஓர் ஏற்பாடு. இந்தச் செலவு பாடசாலைக் கணக்கில் தனி வரியாக வரட்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குப்பை உள்ளே வருகிற வாசலைப் பற்றி இனி. பெரிய வாசல் சிற்றுண்டிச்சாலை. வருடா வருடம் கேள்வி கோருகிறீர்கள், நிபந்தனை எழுதுகிறீர்கள். அந்த நிபந்தனையில் இரண்டு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, உணவை பொலித்தீனில் சுற்றி விற்கக்கூடாது. மற்றது, குளிர்ந்த ஜூஸ் பக்கற் கூடாது, மோர் அல்லது எலுமிச்சைத் தண்ணீரைக் கழுவிப் பாவிக்கிற குவளையில் கொடுக்க வேண்டும். கடைக்காரருக்கு நட்டம் வரும் என்பார்கள். உண்மைதான், குவளை கழுவ ஓர் ஆளும் தண்ணீரும் வேண்டும். அதற்கு ஈடாக மாத வாடகையில் கொஞ்சம் குறையுங்கள். வாடகையை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு மலிவான பக்கற்றை விற்காதே என்று அவரிடம் சொல்ல முடியாது.

உணவு பொதி செய்யும் லஞ்ச் சீற்றையும் றிஜிபோம் பெட்டியையும் 2017இலேயே தடை செய்தார்கள். பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் 2023 ஒக்ரோபரில் தடைக்குள் வந்தன. கடைகளில் இன்னும் கிடைக்கின்றன என்பதால் நாங்களும் வாங்குகிறோம். விடிய முன் எழும்பிச் சமைத்து, மூன்று பிள்ளைகளுக்குப் பொதி கட்டி, ஏழு மணிக்கு வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ ஓடுகிற தாய்க்கு லஞ்ச் சீற் எவ்வளவு கைகொடுக்கிறது என்று எனக்குத் தெரியும். கழுவத் தேவையில்லை, தொலைந்தால் கவலையில்லை. சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோன பிள்ளை மூடியைத் தொலைத்துவிட்டு வரும். ஆகவே தாய்மாரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. வகுப்புக்கு வகுப்பு மூடியில் பெயர் எழுதிய எவர்சில்வர் பெட்டியைச் சங்கம் மொத்தமாக வாங்கி, தவணை முறையில் காசு கழிக்கட்டும். சாப்பிட்டு முடிந்து அலசுவதற்குக் குழாயடியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு தொட்டி கட்டுங்கள். இலையும் மறந்துபோன பொருளில்லை. எங்கள் கோயில் அன்னதானங்களில் தாமரையிலையில் சோறு வாங்கிச் சாப்பிட்ட கைகள் இவை. பாடசாலைப் பொங்கலுக்கும் சரஸ்வதி பூசைக்கும் ஒளிவிழாவுக்கும் தாமரையிலையும் வாழையிலையும் இருக்க, பிளாஸ்ரிக் தட்டு ஏன்?

கொப்பி உறை இன்னொரு வாசல். தை மாதத்தில் பாடத்துக்கு ஒரு நிறம் என்று பொலித்தீன் உறை கேட்கிற வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. பழைய நாட்காட்டித் தாளால் உறை போட்டுப் படித்தவர்கள்தான் இன்று அதைக் கேட்கிறோம். பாடத்தின் பெயரைக் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதினால் ஆசிரியருக்கு அடையாளம் தெரியும். அதிபர் ஒரு சொல் சொன்னால் நிற்கிற வழக்கம் இது, காசும் செலவில்லை.

இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது, ஏனென்றால் வருடத்தில் அதிகமாகப் பொலித்தீன் உள்ளே வருவது அன்றுதான். நான்கு இல்லங்களும் போட்டிபோட்டு அலங்கரிக்கின்றன. நிறப் பொலித்தீனில் வெட்டிய கொடிகள், றிஜிபோமில் செதுக்கிய கோட்டையும் கப்பலும், ஒருநாளைக்குத் தொங்கும் பனர்கள். பிள்ளைகளின் உழைப்பும் கற்பனையும் எனக்குப் பெரிய மதிப்பு. இரவிரவாக இருந்து செய்கிறார்கள். அடுத்த நாள் அதெல்லாம் அந்தப் பின்வளவுக் குழிக்குப் போகிறது. வைபவங்களில் பொலித்தீன் அலங்காரத்துக்கு 2017 வர்த்தமானியிலேயே தடை இருக்கிறது. வரவேற்புக்குப் போடுகிற பிளாஸ்ரிக் மாலையும் 2023 தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தடையை விட எளிய வழி உங்கள் கையில் உண்டு: இல்ல அலங்காரத்துக்குப் புள்ளி போடும் தாளை மாற்றுங்கள். பனையோலை, தென்னங்குருத்து, மாவிலை, வைக்கோல், களிமண், சாக்கு, துணி இவற்றால் செய்ததற்கு மட்டும் புள்ளி என்று போட்டிக்கு ஒரு மாதம் முன்னமே அறிவித்துவிட்டால், பிள்ளைகள் நாங்கள் நினைக்காததையெல்லாம் செய்து காட்டுவார்கள். ஓலை பின்னத் தெரிந்த ஆச்சிமார் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்து மைதானத்து மரநிழலில் இருத்தி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விடுங்கள்.

தண்ணீர். பாடசாலைக் கூரையில் விழுகிற மழையைக் கணக்குப் பாடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். நூறடி நீளம், இருபதடி அகலமான ஒரு வகுப்பறைக் கட்டடம் ஏறத்தாழ 186 சதுர மீற்றர். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் என்று அடக்கமாகவே வைத்து, தெறிப்பதும் வழிவதும் ஐந்தில் ஒன்று போனாலும், ஒன்றே முக்கால் இலட்சம் லீற்றர் அந்த ஒரு கூரையில் விழுகிறது. கார்த்திகையில் 35 மில்லிமீற்றர் பெய்கிற ஒரே நாளில் 5,000 லீற்றர் தாங்கி ஒன்று நிரம்பிவிடும். பீலியும் குழாயும் முதல்மழையை வெளியே விடுகிற ஒரு திருப்பியும் போதும். உங்கள் கூரை அஸ்பெஸ்ரஸ் என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், மலசலகூடத்துக்கும் மரத்துக்கும் விடுங்கள். தாங்கியின் வாயை வலையால் மூடாவிட்டால் நுளம்பு பெருகும். தாங்கி நிரம்பிய பிறகு வழிகிறதைக் கிணற்றடிக்குப் பக்கத்தில் கல்லும் மணலும் போட்ட குழியில் இறக்கினால் கிணறு பங்குனியில் அடி தெரியாது.

குடிதண்ணீரை வடித்துச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. இயந்திரம் வைத்த பாடசாலைகள் இருக்கின்றன. சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் மற்ற இடங்களிலும் செய்த வேலையைப் பார்த்த பிறகு யாரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். அதிலிருந்து கழிவாக வருகிற தண்ணீரை மட்டும் வாய்க்காலில் விடாமல் மலசலகூடத் தாங்கிக்குத் திருப்புங்கள். அது உப்புக் கூடியது, கன்றுக்கு ஊற்றக்கூடாது. கை கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போகலாம்.

காசு எங்கே என்பீர்கள். பழைய மாணவர் சங்கங்களுக்கு இந்த மடலை அனுப்பிவையுங்கள். நுழைவாயில் வளைவுக்கும் மேடைக்கும் திறந்த மனதோடு தருகிறவர்கள், அதே மனதோடு ஒரு பீலிக்கும் தாங்கிக்கும், மூன்று வருடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரின் கொடுப்பனவுக்கும் தருவார்கள். கேட்காததால்தான் தரவில்லை. பெயர்ப்பலகை வேண்டுமென்றால் தாங்கியில் எழுதலாம், மூன்றாம் வருடம் உயிரோடு நிற்கும் மரத்திலும் தொங்கவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே தவணையில் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது எங்கள் வயல்களுக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். மண்ணைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் பிழையில்லை. மாற்றுப் பசளை கையில் வராமல் கட்டளை வந்தது, அந்தக் காலபோகம் நெல் விளைச்சல் விழுந்தது. அந்த வருடமே கட்டளையைத் திரும்ப எடுத்தார்கள், ஆனால் சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற நிலை ஊரில் வந்துவிட்டது. பாடசாலையிலும் நாளைக்கே லஞ்ச் சீற் தடை, கொண்டுவந்த பிள்ளைக்குத் தண்டனை என்று தொடங்கினால் அதேதான் நடக்கும். பெட்டி முதலில் வரட்டும், தடை பிறகு வரட்டும். பிரித்த குப்பையை எடுக்க ஏற்பாடு முதலில், பிரிக்கச் சொல்வது பிறகு.

எரிப்பதை மட்டும் இன்றே நிறுத்தலாம். அதற்கு எந்த மாற்றுப்பொருளும் வாங்கத் தேவையில்லை. சருகைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது சாக்கில் கட்டி வைக்கிற அளவுதான்.

அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதற்கு ஓர் இடம் கொடுங்கள். "வேறு விடயங்கள்" என்ற கடைசி வரிக்குள் போட வேண்டாம், அந்த நேரத்தில் தாய்மார் எழும்பிப் போய்விடுவார்கள், மத்தியானச் சமையல் காத்திருக்கும். வரவு செலவு வாசித்த கையோடு எடுங்கள். புரட்டாதி முடிவதற்குள் கூடினால் கதியால் வெட்டவும் குழி பார்க்கவும் நேரம் கிடைக்கும். எங்கள் வேலியில் பூவரசு நல்ல தடிப்பாக நிற்கிறது, வெட்ட ஆள் அனுப்புங்கள், நானும் கூட வந்து ஊன்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
மாங்குளம் பக்கத்திலிருந்து,
பாடசாலைப் பிள்ளைகளின் தாய் ஒருத்தி